மீனை விட்டிருந்த காலம்

பள்ளிக்கூட வாசலில் நின்ற சக ஆசிரியை என் காலைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மற்றச் செருப்பு எங்க?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக மணலில் நின்றது. மன்னார்த் தீவுக் கரையிலுள்ள எங்கள் பேசாலையில் காலையிலேயே மணல் சுடத் தொடங்கிவிடும். எனக்குச் சுடவில்லை. வந்த வழியே திரும்பிப் போனேன். கோயில் மதிலோரத்துக் குறுகிய ஒழுங்கையில், கழுதைகள் படுக்கும் இடத்தில், செருப்பு குப்புறக் கிடந்தது. போட்டுக்கொண்டு வந்து வகுப்பில் பிள்ளைகளின் பெயர் இடாப்புக் கூப்பிட்டேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் வரவில்லை.

அந்த வருடம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புவேன். திரும்புகிற அந்த நேரத்துக்குள் கணக்கு மனதிலிருந்து போய்விடும். கொப்பிகளில் சரியான விடைக்குப் பிழை போட்டேன். பிழையான விடைக்குச் சரி போட்டேன். பிழை போட்ட வீட்டுத் தாய்மார் வந்து கேட்டார்கள், சரி போட்ட வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பதும் என் பொறுப்பு. ஒரு ஞாயிறு வாசித்து முடித்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றேன். சனம் "இறைவா உமக்கு நன்றி" என்றது. நான் இறங்காமல் அதே வாசகத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தேன். எங்கள் சனம் பொறுமையான சனம். முழுவதையும் கேட்டுவிட்டு மறுபடியும் நன்றி சொன்னது. வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

களைப்பைப் பற்றிச் சொல்வது கடினம். நித்திரை வந்த களைப்பு இல்லை. நித்திரை கொண்டு எழும்பினாலும் அது அப்படியே இருந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளினால் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து ஆறித்தான் அடுத்த வாளி. மேடு என்று ஒன்றுமே இல்லாத தீவில் எனக்கு மேடு ஏறியதுபோல மூச்சு வாங்கியது. நாக்கு எரிந்தது. சம்பல் தின்ன முடியவில்லை. தின்றதற்கும் உருசி இல்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் அதற்கு "மாறுகிற வயசு" என்று பேர். பக்கத்து வீட்டுக்காரி நாவூறு என்றாள். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, கையோடு சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டாள். இரண்டில் ஒன்றாவது கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. மிளகாய் கமறவில்லை என்றும் அதனால் நாவூறு பெரிது என்றும் சொன்னாள். எனக்குக் கமறியது. சொல்லப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது.

என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இதுதான் சமாதானம் என்று நினைத்தேன். பல வருடங்களாக மன்றாடிக் கேட்ட நிம்மதி கிடைத்துவிட்டது, நிம்மதி கிடைத்தவர்களுக்குள் இப்படித்தான் ஒன்றும் அசையாமல் இருக்கும்போல என்று நினைத்தேன். பயம் இல்லை, கோபம் இல்லை, அழுகை இல்லை. வேறு என்ன வேண்டும்?

என் கணவர் கடற்றொழில் செய்பவர். சொந்தப் படகு. மாலையில் இறங்கி விடியக் கரைக்கு வருவார். நாங்கள் விரும்பிக் கட்டியவர்கள். ரீச்சர் கடலுக்குப் போகிறவனைக் கட்டிவிட்டாள் என்று ஊர் கொஞ்சக் காலம் கதைத்து அலுத்துப்போனது. பிறகு அவர் குடிக்கத் தொடங்கினார். அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால் ஊராவது என் பக்கம் நின்றிருக்கும். மீனை விற்ற கையோடு குடிப்பார், வீட்டுக்கு வந்து படுப்பார், எழும்பி மிச்சத்தைக் குடித்துவிட்டு மறுபடி கடலுக்குப் போவார். அந்தப் போவதுதான் எனக்குப் பயம். குடிவெறியில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

அப்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடியற்காலையில் அவர் பின்வாசலுக்கு வருவார். கையிலுள்ள மீன் பையை வாங்குகிற சாட்டில் கிட்டப் போய், சாராய வாடை வருகிறதா என்று அவருடைய முகத்தை மணந்து பார்ப்பேன். மணந்து பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். இருவரும் மீனைப் பற்றிக் கதைப்போம்.

ஒரு ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தோம். காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, சமைத்து, செபமாலை சொல்லி இருக்கிற நாட்கள். அங்கே நான் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இவர் குடியை விட்டால் நான் சாகும்வரை மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் தொடமாட்டேன். மெழுகுதிரியும் தலைமுடியும் எல்லாரும் கொடுப்பதுதான். நான் கேட்டது பெரிது, பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்று பட்டது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சுத்தபோசனம் இருப்போம். அன்று இறைச்சி இல்லை, அவ்வளவுதான். மீன் கணக்கில் வராது. பேசாலையில் இறைச்சியை விடுவது ஒரு விடுதலா? மீனை விட்டால்தான் மாதா திரும்பிப் பார்ப்பா என்று நினைத்தேன். நேர்த்தியை வெளியே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் சொல்லவில்லை.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் அவர் குடியை விட்டார்.

நான் மீனை விட்டேன். கேட்டவர்களுக்கு அலர்ஜி என்று சொன்னேன். கரையில் பிறந்து கருவாட்டு மணத்தில் வளர்ந்தவளுக்கு நாற்பது வயதில் மீன் அலர்ஜி என்றால் யார் நம்புவார்கள்? சிரித்தார்கள். அவர் நம்பினார். எனக்கு மணம் வரக்கூடாது என்று மீனை முற்றத்துக் கோடியில் வைத்து வெட்டினார், அங்கேயே அடுப்பு வைத்துப் பொரித்தார். கரையிலிருந்து வருகிறவர் மன்னார்ச் சந்தைக்கும் போய் எனக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்தார். கொஞ்சக் காலத்தில் கடைகளில் பால்மா இல்லாமல் போனது. எல்லாரும் பாலில்லாத பிளேன்ரீக்கு மாறினோம். பால்மா திரும்பி வந்த பிறகும் நாங்கள் திரும்பவில்லை. பாலை நான் மாதாவுக்குக் கொடுக்கவில்லை. அது தானாகப் போனது. சோறு, மரக்கறி, சாப்பிட்ட கையோடு கடுஞ்சாயத்தில் ஒரு பிளேன்ரீ. வருடங்கள் போயின.

செருப்பு விழுந்த கதையை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் சில நாள் கழித்து முற்றத்தில் சிப்பி ஓடு ஒன்று என் காலைக் கிழித்திருக்கிறது. நான் அறியாமல் குசினிக்கும் அறைக்கும் நடந்து திரிந்திருக்கிறேன். அவர் எழும்பி வந்து சீமெந்துத் தரையைப் பார்த்தார். சிவப்பாகக் கால் அடையாளங்கள்.

"இதென்ன இரத்தம்? காலைக் காட்டு."

காட்டினேன்.

"நோகேல்லையோ?"

"இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தெற்குப் பக்கம் காற்றாலைகள் ஆறுதலாக, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்குக் களைப்பாக இருந்தது.

டொக்டர் ஒரு இளம் பெண். காயத்தைக் கழுவிக் கட்டியதோடு விடவில்லை. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதா?" என்று கேட்டார். எப்போது வைத்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். மறதி இருக்கிறதா, வேலையில் மனம் நிற்கிறதா என்று கேட்டார். நான் பூசையில் வாசித்த கதையை என் கணவர் சொன்னார்.

"மீன், இறைச்சி எல்லாம் சாப்பிடுவீங்களா?"

"மீனுக்கு அலர்ஜி, டொக்டர்" என்றார் அவர், எனக்காக.

"பேசாலை ஆளுக்கு மீன் அலர்ஜியா?" டொக்டர் சிரித்தார். "சரி, இறைச்சி? முட்டை?"

"அதுவும் சாப்பிடுறதில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பினார். சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர்போல இருந்தார்.

இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது, விற்றமின் பி12 மிகக் குறைவு, இரும்புச்சத்தும் குறைவு என்றார் டொக்டர். களைக்கிற எல்லாருக்கும் இதுதான் காரணம் என்றில்லை, வேறு எத்தனையோ இருக்கலாம், ஆனால் உங்களுக்கு இதுதான்போலத் தெரிகிறது என்றார். மீன், இறைச்சி என்று மச்சமும் முட்டையும் பாலும் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தால் உடம்பில் இருக்கிற சேமிப்பு மெல்ல மெல்லத் தீரும், அது தீர்ந்தால் நரம்பு மரக்கும், மறதி வரும், மனமும் மந்தமாகிவிடும், கவனிக்காமல் விட்டால் நரம்பு திரும்பாமலும் போகலாம் என்று சொன்னார். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்பதையும் சொன்னார்.

மனமும் மந்தமாகிவிடும் என்று அவர் சொன்ன இடத்தில் நான் நின்றுவிட்டேன். மாதா தந்த சமாதானம் என்று நான் நினைத்திருந்தது சத்துக்குறைவு. சிரித்திருக்கலாம். கேட்டுக்கொண்டு இருந்தேன்.

"ஊசி போடுவம். பிறகு நீங்கள் சாப்பாட்டில எடுக்கவேணும்."

"ஊசியை மட்டும் போட்டாக் காணாதோ?"

"போடலாம். ஆனா ஏன்? சாப்பிடாம இருக்கிறதுக்கு என்ன காரணம்?"

என் கணவர் பக்கத்தில் நின்றார்.

அடுத்த நாள் அவர் முட்டை அவித்து, கோதுடைத்து, உப்பும் மிளகும் போட்டு என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். நான் அதைச் சோற்றின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"முட்டையும் அலர்ஜியோ?" என்றார்.

பொய் சொல்லவும் கவனம் வேண்டும். முன்னர் யாருக்கு என்ன சொன்னேன், இப்போது எதைச் சொன்னால் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னேன்.

"மடுவிலயோ?"

"ஓம்."

"நான் விடுறதுக்கு முதலோ, பிறகோ?"

"முதல். அந்த ஆவணி."

அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு, "நான் அதுக்காக விடேல்ல" என்றார்.

"அப்ப?"

"நீ ஒவ்வொரு நாளும் வந்து மணந்து பாக்கிறனீ. குடிச்ச நாளில மணந்தா எனக்கு ஒண்டுமில்ல. ஒருநாள் காசு கிடைக்கேல்ல, நான் குடிக்காம வந்தனான். அண்டைக்கும் மணந்து பாத்தனீ. குடிச்சவன்ர மூஞ்சியை மணக்கிற மாதிரியே. இனி என்னத்தைச் செய்தாலும் இவளுக்கு நான் இந்த மூஞ்சிதான் எண்டு நினைச்சன். வெக்கமாப் போச்சு. விட்டிட்டன்."

இத்தனை வருட மீனை நான் யாருக்குக் கொடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். அல்லது சந்தோசம். என் மூக்கு சாதித்ததை மாதாவின் பேரில் எழுதி வைத்திருந்திருக்கிறேன். எனக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் வாயில் வந்தது.

"நான் சாப்பிட்டு, பிறகு நீங்கள் குடிச்சா?"

குடிக்கமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. "அது எனக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் பாத்துத்தான் போறன். ஆனா உன்ர கோப்பையில கிடக்கிறதுக்கும் அதுக்கும் ஒரு தொடுசலும் இல்ல."

பங்குத் தந்தையிடம் போனேன். உடம்பைக் கெடுக்கிற நேர்த்தியை மாதா கேட்கிறதில்லை, கெடுக்காத ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். வாரத்தில் ஒருநாள் படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரர் வீட்டுக்குப் போய் செபமாலை சொல்லச் சொல்லி ஆசீர் தந்தார். வருடங்களாகக் கட்டியிருந்ததை ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார். திருச்சபைக்குப் பிரச்சினை இல்லை, டொக்டருக்குப் பிரச்சினை இல்லை, என் கணவருக்கும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. மீன் துண்டு ஒன்று என் தொண்டையால் இறங்குகிற அன்று அவர் போத்தலை எடுப்பார் என்று நம்பினேன். அதை நான் அழுத்தமாக நம்பவும் இல்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

ஊசி போட்டார்கள். கால் மரப்புப் போய்க் குத்தத் தொடங்கியது. முள்ளுக்கு மேல் நடப்பதுபோல இருந்தது. அது நல்லது என்றார் டொக்டர். கரும்பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் கணக்கு கொஞ்சம் நின்றது. ஊசி இருக்கிறதுதானே என்று மீனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை. முட்டையும் வைக்கவில்லை. முற்றத்துக் கோடியில் தன் பாட்டுக்குப் பொரித்துத் தின்றார்.

ஒரு பின்னேரம் கடலுக்கு வெளிக்கிடுமுன் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். முள்ளோடு மொறுமொறுவென்று தின்கிற சின்ன மீன். நான் கோப்பையோடு அங்கே போனேன். ஏன் அன்று போனேன் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. பசித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். தின்றேன். முதலில் உப்பும் சூடும்தான் தெரிந்தது, பிறகு மீன் தெரிந்தது. இன்னொன்று வைத்தார். அதையும் தின்றேன். அவர் கையைக் கழுவித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தது. வழக்கமான நேரத்துக்கு அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆள் கடலிலிருந்து வந்து குளித்துப் படுத்தும் விட்டான். அவனுடைய மனைவி மதிலுக்கு மேலால், "உங்கட ஆள் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டாள். மன்னார் பஸ் போனது. பள்ளிக்கூட மணி அடித்தது. நான் சேலையைக் கட்டிக்கொண்டு பின்வாசற் படியில் இருந்தேன்.

அப்போது வந்தது. என்னவென்று எனக்கு உடனே பிடிபடவில்லை, அது வந்து அவ்வளவு காலமாகியிருந்தது. பயம். நான் பயந்து போயிருந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் உணர்வு அதுதான். சந்தோசம் முந்தி வந்திருக்கலாம். பயம்தான் முந்தி வந்தது. நேற்று இரண்டு சூடை, இன்று ஆள் இல்லை. குடித்திருக்கிறாரா, கடலில் விழுந்துவிட்டாரா? நான் எழும்பிக் கரைக்கு ஓடினேன். நாற்பது கடந்த ரீச்சர் பள்ளிக்கூட நேரத்தில் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஒழுங்கை முழுக்கப் பார்த்தது.

கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்கள் இருந்தார்கள். ஒரு படகு இன்னொன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்தது எங்களுடையது. எஞ்சின் தூக்கிக் கிடந்தது. அவர் படகின் முன்பக்க அணியத்திலிருந்து குதித்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்.

நான் கிட்டப் போகவில்லை. போகக்கூடாது என்று நிலத்தில் ஊன்றி நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. நேரே என்னிடம் வந்தார். மீன் பையைக் கீழே வைத்தார். அத்தனை பேருக்கும் முன்னால் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"எஞ்சின் நிண்டுட்டுது" என்றார். பிறகு மெதுவாக, "மணந்து பார்" என்றார்.

வெட்கம் வந்தது. காது மடல் வரை சுட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மணக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டேன். அவர் காத்து நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியதே தவிர நான் மூச்சை விடவில்லை. முடியாமல் போனபோது முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சை விட்டேன்.

"என்ன?" என்றார்.

"கால் சுடுது."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு காலிலும் செருப்பு இல்லை. தோளில் கிடந்த ஈரத் துவாயை எடுத்து மணலில் விரித்தார். நான் அதில் ஏறி நின்றேன். குளிர்ந்தது.